மார்க்கெட்டிங் வேலைக்கு நம்பி ஆள் வைப்பது எப்படி? மதுரைக் கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

விளக்குத்தூண் ஜவுளிக்கடையானாலும் கப்பலூர் பட்டறையானாலும், மார்க்கெட்டிங் வேலைக்கு ஆள் வைப்பது பற்றி வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். அவசரக்காரர்கள் 7, 8-ஆம் கேள்விகளை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

1. எங்க கடைய தெருவுல எல்லாருக்கும் தெரியும். எனக்கு எதுக்கு மார்க்கெட்டிங் ஆளு?

தேவைப்படாமலும் போகலாம். கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டை வைத்து, இரண்டு வாரம் புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?" என்று கேட்டுக் கோடு போட்டு வாருங்கள். தெரிந்தவர் சொன்னது, போர்டு பார்த்தது, கூகுள் மேப், இன்ஸ்டா என்று நாலு கட்டம் போதும். மேப் பார்த்து ஒருவரும் வரவில்லையென்றால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான், அதற்குக் காசே வேண்டாம். கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். கடைப் பெயர், நேரம், போன் நம்பர், பத்துப் படம் ஏற்ற அரை நாள் வேலை. சரிபார்ப்புக்குப் பெரும்பாலும் வீடியோ கேட்பார்கள். தெருப் பெயர், கடை போர்டு, நீங்கள் ஷட்டர் திறப்பது மூன்றும் வெட்டாமல் ஒரே ஓட்டமாக அதில் இருக்கட்டும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். வரும் போனை எடுக்க ஆள் இருக்கிறதா? மத்தியானம் மூன்று மணி நேரம் போன் மேசையில் கிடந்து அடிக்கும் கடைக்கு எந்த விளம்பரம் போட்டாலும் காசு வீண்தான்.

2. ஏஜென்சி வைக்கிறதா, தனி ஆளா, இல்ல நம்ம சொந்தக்காரப் பையனே போதுமா?

எந்த வேலைக்கு என்பதைப் பொறுத்தது. தினமும் புதுச் சரக்கைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ், இன்ஸ்டா போடுவதற்குக் கடையிலேயே இருக்கும் ஒரு பையனோ பெண்ணோதான் சரி. சரக்கு வந்து இறங்கும் நேரம் வெளியாளுக்குத் தெரியாது. கூகுள், ஃபேஸ்புக் விளம்பரத்தைக் காசு போட்டு ஓட்டுவது வேறு வேலை, அது தெரிந்த தனி ஆள் போதும். வெப்சைட், வீடியோ, விளம்பரம் எல்லாம் ஒன்றாக வேண்டும், நாலு பேரிடம் நீங்களே பேசிக்கொண்டிருக்க நேரமில்லை என்றால் ஏஜென்சி.

ஏஜென்சியிடம் ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "என் கணக்கைத் தினமும் பார்க்கப்போறது யாரு? அவரோட பேசணும்." பேச வருபவர் ஒருவர், வேலை பார்ப்பவர் வேறொருவர் என்பது வழக்கம். தப்பில்லை, ஆனால் வேலை பார்ப்பவரோடு பத்து நிமிடம் பேசாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

3. மதுரையில எங்க போய்த் தேடுறது?

உங்கள் தொழிலில் இல்லாத, ஆனால் உங்களைப் போலவே சின்னக் கடை நடத்துபவரிடம் கேளுங்கள். போட்டிக் கடைக்காரர் நல்ல ஆளைச் சொல்ல மாட்டார். பட்டறை, சிறுதொழில் என்றால் மாவட்டச் சிறுதொழில் சங்கமான மடீட்சியா, வியாபாரம் என்றால் காமராசர் சாலையிலுள்ள தமிழ்நாடு தொழில் வர்த்தக சங்கம். இந்த இடங்களில் கூட்டம் நடக்கும்போது உறுப்பினர்களிடம் விசாரித்தால் நாலு பெயராவது கிடைக்கும். அந்த நாலில் யார் தேறுவார் என்பதற்கு 5-ஆம் கேள்வி.

4. "கூகுள்ல இருந்து பேசுறோம், பணம் கட்டலேன்னா உங்க கடை மேப்ல இருந்து போயிரும்"னு போன் பண்றாய்ங்க. நெசமா?

பொய். மேப்பில் கடை இருப்பதற்குக் கூகுள் காசு வாங்குவதில்லை. நேரத்தை உறுதிசெய்யக் கூகுளிலிருந்து தானியங்கி அழைப்பு வருவதுண்டு, அதில் பணம் கேட்க மாட்டார்கள். இந்த மாதிரிப் பேசுபவர் அடுத்து ஒரு ஓ.டி.பி கேட்பார். அதைச் சொன்னால் கடை புரொஃபைலே அவர் கைக்குப் போய்விடலாம். பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

"கூகுள் பார்ட்னர்" என்று கார்டில் போட்டிருப்பவர் கூகுள் ஊழியர் அல்ல. விளம்பரக் கணக்குகளை ஒரு தரத்தில் வைத்து, 90 நாளில் குறிப்பிட்ட அளவு விளம்பரச் செலவை நிர்வகித்து, தேர்வும் எழுதியவர்களுக்குத் தரும் பட்டம் அது. நிறையக் காசை ஓட்டியிருக்கிறார் என்று மட்டும் அதிலிருந்து தெரியும். சின்னக் கடைக்கு நன்றாக ஓட்டுவாரா என்பது தெரியாது.

5. அவரு பண்ணுன பழைய வேலை நல்லா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாதே.

புரிய வேண்டியதில்லை, பார்க்கத் தெரிந்தால் போதும். தான் வேலை பார்க்கும் மூன்று கடைகளின் பெயரைக் கேளுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாவை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு ஆட் லைப்ரரி என்று ஒரு பக்கம் உண்டு, கணக்கே இல்லாமல் யாரும் திறக்கலாம். அதில் அந்தக் கடைப் பெயரைப் போட்டால் ஃபேஸ்புக், இன்ஸ்டாவில் இப்போது ஓடும் விளம்பரங்களும் எந்தத் தேதியில் தொடங்கின என்பதும் தெரியும். கூகுளுக்கும் இதேபோல ஆட்ஸ் டிரான்ஸ்பரன்சி சென்டர் உண்டு. "அவங்களுக்கு நாங்கதான் விளம்பரம் ஓட்டுறோம்" என்கிறார், அங்கே ஒன்றும் ஓடவில்லை என்றால் காரணம் கேளுங்கள். மூன்று கடையில் ஒன்று, அவரை விட்டு விலகிய கடையாக இருக்கட்டும். அவர்களிடம் போனில் "கணக்கையெல்லாம் ஒழுங்காத் திருப்பிக் கொடுத்தாரா?" என்ற ஒரே கேள்வி போதும்.

ஊருக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. "அண்ணாநகர்ல என் கடை. அண்ணாநகர்னு தேடுறவங்களுக்கு விளம்பரம் எப்படிக் காட்டுவீங்க?" என்று கேளுங்கள். அண்ணாநகர், கே.கே.நகர், திருமங்கலம் மூன்றுமே சென்னையிலும் உண்டு. கூகுள் விளம்பரத்தில் இடம் குறிக்கும்போது தானாக இருக்கும் அமைப்பு, அந்த இடத்தில் இருப்பவர்களோடு அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்துக்கொள்ளும். அதை மாற்றி, "இருப்பவர்களுக்கு மட்டும்" என்று வைத்து, கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போடுபவர் வேலை தெரிந்தவர். சென்னை, அங்குள்ள பாடி, முகப்பேர் போன்ற சொற்களை விலக்குச் சொற்களாக (அவற்றோடு தேடினால் விளம்பரம் வராதபடி) போடுவேன் என்றும் சொன்னால் இன்னும் நல்லது. "அதெல்லாம் ஏ.ஐ பாத்துக்கும் சார்" என்றால், முகப்பேர்க்காரர் போன் செய்து "டோர் டெலிவரி உண்டா?" என்று கேட்கும் ஒவ்வொரு கிளிக்கும் உங்கள் காசு.

6. எவ்வளவு கேப்பாங்க? எது நியாயமான ரேட்டு?

இதுதான் ரேட் என்று ஒரே தொகை சொல்ல முடியாது. வாங்கும் முறை மூன்று: மாதச் சம்பளம் மாதிரி ஒரு தொகை, வேலைக்கு இவ்வளவு, விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம். சின்னக் கடைக்கு முதலாவதுதான் நிம்மதி. சதவீதம் என்றால் செலவைக் கூட்டச் சொல்வதில் அவருக்கு லாபம் இருக்கிறது. "விற்பனையில் பங்கு தாங்க, வேறெதுவும் வேணாம்" என்பவரிடம், எந்த விற்பனை அவரால் வந்தது என்பதை எப்படிக் கணக்குப் பார்ப்பது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளாவிட்டால் தீபாவளிக்குச் சண்டை வரும்.

கூலி நியாயமா என்பதை உங்கள் லாபத்தை வைத்துப் பாருங்கள். ஒரு சேலை 1,200 ரூபாய், கையில் நிற்பது 300 என்று வைப்போம். கூலி மாதம் 9,000, விளம்பரச் செலவு 6,000 என்றால் மொத்தம் 15,000. விளம்பரத்தால் மட்டும் மாதம் 50 சேலை கூடுதலாக விற்றால்தான் கைக்காசு போகாமல் இருக்கும். 50 நடக்கும் என்று தோன்றவில்லையா? கூலியைக் குறைத்துப் பேசுவதைவிட வேலையைக் குறைத்துக் கொடுப்பது நல்லது.

ஜி.எஸ்.டி விஷயம்: சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்துக்குள் இருந்து பதிவு செய்யாதவர், பில்லில் ஜி.எஸ்.டி போட்டு வாங்கக் கூடாது. போட்டிருந்தால் அவருடைய 15 இலக்க எண்ணை ஜி.எஸ்.டி தளத்தில் தேடிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பதிவு 33-இல் தொடங்கும்.

7. விளம்பரக் காசையும் சேர்த்து அவங்ககிட்டயே குடுத்துரலாமா? தனித்தனியா எவன் கட்டுறது?

வேண்டாம். பெரும்பாலான வம்பு இங்கேதான் பிறக்கிறது. மொத்தமாக 20,000 கொடுத்தால் அதில் எவ்வளவு விளம்பரத்துக்குப் போனது, எவ்வளவு அவர் பைக்குப் போனது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது. விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில், பணம் உங்கள் கார்டிலிருந்தோ யு.பி.ஐ-யிலிருந்தோ நேராகக் கூகுளுக்கும் மெட்டாவுக்கும் போகட்டும். கூலி தனி, அதற்குத் தனி பில்.

விளம்பரச் செலவின் மேல் 18% ஜி.எஸ்.டி உண்டு. 10,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓடினால் 11,800 ஆகும். கணக்கு அமைப்பில் உங்கள் ஜி.எஸ்.டி எண்ணைப் போட்டு வைத்தால்தான் அந்த 1,800-க்கு உள்ளீட்டு வரி எடுக்க, அதாவது நீங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள, வழியுண்டு. ஜி.எஸ்.டி காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. கூகுளில் நாள் பட்ஜெட் 200 என்று வைத்தால் ஒரு நாள் 400 வரைகூடப் போகும், பதறாதீர்கள். மாதத்துக்கு 30.4 மடங்கை, அதாவது 6,080 ரூபாயைத் தாண்டாது.

8. பாஸ்வேர்டு குடுக்காம அவரு எப்படி வேலை பாப்பாரு?

வீட்டுச் சாவியைக் கொடுக்காமல் வேலைக்காரரை உள்ளே விடுவது போலத்தான், எல்லாத் தளத்திலும் அதற்கு வழி இருக்கிறது. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் முதன்மை உரிமையாளர், உரிமையாளர், மேலாளர் என்று மூன்று நிலை உண்டு. முதன்மை உரிமையாளர் ஒருவர்தான், அது நீங்கள். வேலை பார்ப்பவருக்கு மேலாளர் நிலை போதும். அவர் படம் ஏற்றலாம், ரிவ்யூவுக்குப் பதில் எழுதலாம். ஆளைச் சேர்க்கவோ புரொஃபைலை அழிக்கவோ முடியாது. கூகுள் ஆட்ஸில் உங்கள் கணக்குக்கு 10 இலக்க எண் ஒன்று இருக்கும். அதை மட்டும் கொடுங்கள். அவர் தன் மேனேஜர் கணக்கிலிருந்து இணைப்புக் கோரிக்கை அனுப்புவார், நீங்கள் ஏற்க வேண்டும், வேண்டாமென்றால் அன்றைக்கே வெட்டிவிடலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாவுக்கு மெட்டா பிசினஸ் கணக்கை உங்கள் பெயரில் தொடங்கி, அவரைப் பார்ட்னராகச் சேர்த்து விளம்பர வேலைக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். முழுக் கட்டுப்பாடு தர வேண்டாம்.

வெப்சைட்டில் ஏமாறுவது வேறு விதம். டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரிப் பெயரை, அவரே தன் மெயில் ஐடியில் வாங்கி, "வருஷா வருஷம் நாங்களே புதுப்பிச்சிருவோம்" என்பார். பெயர் அவருடையதாகிவிடும். டொமைனை உங்கள் மெயிலில், உங்கள் கார்டில், நீங்களே உட்கார்ந்து வாங்குங்கள். கால் மணி நேர வேலை. அந்த மெயில் ஐடி கடையை விட்டுப் போகக்கூடிய கணக்குப்பிள்ளையுடையதாக இருக்கக் கூடாது. அதன் மீட்பு நம்பர் உங்கள் சிம்மாக இருக்கட்டும். நம்பரை மாற்றும்போது இதை மறந்துவிட்டு உள்ளே நுழைய முடியாமல் நிற்பவர்களும் உண்டு.

9. சின்ன வேலைதானே, இதுக்கெல்லாம் அக்ரிமெண்ட் போடணுமா?

பத்திரம் வேண்டாம், ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். என்ன வேலை, மாதம் எத்தனை (எட்டுப் போஸ்டர், நாலு வீடியோ என்று எண்ணோடு), எத்தனை முறை திருத்தம், கூலி எந்தத் தேதியில், எத்தனை நாள் முன்பு சொல்லி நிறுத்தலாம், நிறுத்தினால் எதையெல்லாம் ஒப்படைக்க வேண்டும். ஒரு வருடத்துக்குக் கட்டாயம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்று மாதம், பிறகு 30 நாள் முன்னறிவிப்பு என்று கேளுங்கள். இணைய டைரக்டரி நிறுவனங்களின் படிவத்தில், வங்கியிலிருந்து மாதாமாதம் தானாக எடுக்கும் ஒப்புதல் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைத் தேடுங்கள்.

பலரும் விடுவது பதிப்புரிமை. 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படம், மாற்றி எழுதிக்கொள்ளாதவரை, உங்களுடையது. வெளியாள் எழுதிய விளம்பர வாசகம் அப்படியல்ல, எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை எழுதியவருக்கே சொந்தம். லோகோவிலும் இதே வம்பு வரலாம். மாற்றிக் கொடுக்கும்போது காலம் எழுதாவிட்டால் ஐந்து வருடத்துக்குத்தான் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். "நிரந்தரமாக, உலகம் முழுவதும்" என்று ஒரு வரி சேர்த்து, லோகோவின் திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். படமாக மட்டும் வைத்திருந்தால், பெரிய போர்டு அடிக்கும் நாளில் பிளெக்ஸ் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குவார்.

10. "கூகுள்ல முதல் இடம் கேரண்டி"ங்கிறாரு. நம்பலாமா?

முடியாது. மேப்பில் யார் மேலே வருவது என்பது தேடுபவர் எங்கே நிற்கிறார் என்பதையும் பொறுத்தது. சிம்மக்கல்லில் நின்று தேடுபவருக்கும் ஒத்தக்கடையில் தேடுபவருக்கும் ஒரே வரிசை வராது. உங்கள் கடைக்குள்ளேயே உட்கார்ந்து தன் போனில் தேடிக் காட்டி "பாருங்க, முதல் இடம்" என்பது பழைய வித்தை.

11. மாசம் 50 ரிவ்யூ போட்டுத் தர்றேங்கிறாய்ங்க. பக்கத்துக் கடைக்காரன் வாங்கிட்டானே?

வாங்கட்டும். போலி ரிவ்யூ கூகுள் விதிக்கு விரோதம். கண்டுபிடித்தால் ரிவ்யூக்களை நீக்குவதோடு, கொஞ்ச காலம் புது ரிவ்யூ வரவிடாமல் நிறுத்தி, உங்கள் கடை புரொஃபைலிலேயே எச்சரிக்கையும் போடும். உண்மையான வாடிக்கையாளர் எழுதியதும் சேர்ந்து போகலாம். "ரிவ்யூ போட்டா ஒரு ஜிகர்தண்டா ஃப்ரீ" என்பதும் விதிப்படி கூடாது. பில் கொடுக்கும்போது கியூ.ஆர் அட்டையை நீட்டி வாயால் கேட்பதுதான் வழி.

12. 10,000 பேருக்கு வாட்ஸாப், எஸ்.எம்.எஸ் அனுப்பித் தர்றோம்னு பேக்கேஜ் சொல்றாங்க. எடுக்கலாமா?

நம்பர்கள் எங்கிருந்து வந்தவை என்று கேளுங்கள். விலைக்கு வாங்கிய பட்டியல் என்றால் விட்டுவிடுங்கள். வணிக எஸ்.எம்.எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிமுறைப்படி டி.எல்.டி என்ற பதிவுத் தளத்தில் நிறுவனம், அனுப்புநர் பெயர், வாசகம் மூன்றையும் பதிய வேண்டும். பதிவு உங்கள் பெயரிலா அவர் பெயரிலா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கள்ள மென்பொருள் வைத்து வாட்ஸாப் அனுப்பினால் நம்பர் முடக்கப்படும். இருபது வருடமாகக் கடை போர்டில் இருக்கும் நம்பர் அது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸாப் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர், உங்கள் நம்பரைச் சேமித்திருப்பவருக்கு மட்டுமே போகும். சின்னக் கடைக்கு அது போதும்.

13. சாப்பாட்டு வீடியோ போடுற தம்பி 2 லட்சம் ஃபாலோயர்ங்கிறாரு. நம்ம மெஸ்ஸுக்குக் கூப்பிடலாமா?

ஃபாலோயர் எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இன்ஸ்டா இன்சைட்ஸில் எந்த ஊரிலிருந்து அதிகம் என்ற பட்டியல் உண்டு. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அவர் போனிலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். மதுரை, திருமங்கலம், மேலூர் முதலில் வந்தால் கூப்பிடலாம். துபாயும் சென்னையும் என்றால் பார்த்து ரசிப்பார்கள், பந்தியில் உட்கார மாட்டார்கள். காசு வாங்கிப் போடும் வீடியோவில் அது விளம்பரம் என்று தெரியப்படுத்த வேண்டும். வீடியோ ஓடும் வாரத்தில் கறிதோசை ஏழு மணிக்கே தீர்ந்துபோனால், அந்தக் கோபம்தான் அடுத்த ரிவ்யூ.

14. மாசாமாசம் ரிப்போர்ட் அனுப்புறாரு, பச்சைக் கலர்ல அம்புக்குறி மேல போகுது, ஆனா கல்லாவுல ஒண்ணும் தெரியல. எதப் பாக்குறது?

ரீச் (எத்தனை பேர் பார்த்தார்கள்), இம்ப்ரஷன் (எத்தனை முறை காட்டப்பட்டது), லைக் மூன்றையும் தள்ளிவையுங்கள். எத்தனை போன், எத்தனை வாட்ஸாப் விசாரணை, எத்தனை பேர் மேப்பில் வழி கேட்டார்கள், அதில் எத்தனை பில் ஆனது? கடைசி எண் அவரிடம் இருக்காது, உங்கள் நோட்டில்தான் இருக்கும். முதல் கேள்வியில் சொன்ன நோட்டை நிறுத்தாமல் வைத்திருங்கள்.

அவர் வேலை பார்க்கிறாரா என்று தெரிய இரண்டு இடம் போதும், இரண்டும் கூகுள் ஆட்ஸ் கணக்கில் இருக்கின்றன. "சர்ச் டெர்ம்ஸ்" பக்கத்தில், மக்கள் நிஜமாக என்ன தட்டியதால் உங்கள் காசு போனது என்று வரிவரியாக இருக்கும். சுங்குடி விற்கும் கடைக்கு "சுங்குடி சேலை கட்டுவது எப்படி" என்ற தேடலுக்குக் காசு போயிருந்தால் கேளுங்கள். அடுத்து "சேஞ்ச் ஹிஸ்டரி", யார் எந்தத் தேதியில் எதை மாற்றினார் என்ற பதிவு. ஒரு மாதமாக ஒரு மாற்றமும் இல்லையென்றால் அந்த மாதக் கூலி எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

15. அவரு எழுதிப் போட்ட விளம்பரத்துல தப்பு இருந்தா நான் பொறுப்பா?

ஆமாம், விளம்பரம் உங்கள் பெயரில் போகிறது. சுங்குடிக்கு 2005-இலும் மதுரை மல்லிக்கு 2013-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அச்சடித்த சேலைக்குக் "கைமுடிச்சு சுங்குடி" என்று போஸ்டர் போட்டால் அழகாகத்தான் இருக்கும், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு முதல் முறையே 10 லட்சம் வரை அபராதம் உண்டு. நாட்டு மருந்துக்கடைக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: "சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகும்" என்ற வரியை 1954-ஆம் ஆண்டு மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம் தடுக்கிறது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் எதுவும் வெளியே போகக் கூடாது என்பதையும் அந்த ஒரு பக்கத் தாளில் சேருங்கள்.

16. நிப்பாட்டிக்கிறேன்னு சொன்னதும் பேஜைத் தர மாட்டேங்குறாய்ங்க. என்ன பண்ண?

சண்டை போடும் முன், கையில் இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள்: பில், வாட்ஸாப் பேச்சு, பணம் அனுப்பிய பதிவு. மேப் புரொஃபைலுக்கு நீங்களே கூகுளில் உரிமை கோரலாம். இப்போது வைத்திருப்பவருக்குப் பதில் சொல்ல 3 நாள் தருவார்கள். பதில் வராவிட்டால் கடையை நீங்கள் சரிபார்த்து எடுத்துக்கொள்ள வழி திறக்கலாம். விளம்பரக் கணக்கு அவர் பெயரில் இருந்தால் அதைத் துரத்தாதீர்கள், புதிது தொடங்குங்கள். டொமைன்தான் கடினம். பதிவு நிறுவனத்துக்கு எழுதிப் பார்க்கலாம், இல்லையென்றால் வக்கீல் நோட்டீஸ்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்று கேட்கிறார்கள். வணிகத்துக்காக எடுத்த சேவைக்கு அந்தச் சட்டம் பொதுவாகப் பொருந்தாது. ஆனால் சுயதொழிலாக, பிழைப்புக்காக மட்டும் நடத்துபவருக்கு விலக்கு உண்டு. தனியாளாகத் தையல் கடை நடத்துபவர் வாதிடலாம், நாலு கிளை வைத்திருப்பவர் முடியாது. 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் பேசிப் பாருங்கள்.

17. சித்திரைத் திருவிழாவுக்குப் பத்து நாள்தான் இருக்கு. இப்ப ஆள் பிடிச்சா வேலைக்கு ஆகுமா?

ஆகாது. புதுக் கணக்கு தொடங்கி, சரிபார்ப்பு முடிந்து, விளம்பரம் ஒரு நிலைக்கு வரவே அந்த நாள் ஓடிவிடும். அவசரத்தில் கொடுக்கும் முன்பணத்தைத் திரும்பக் கேட்பதும் சிரமம். இருப்பதை வைத்துச் செய்யுங்கள்: புரொஃபைலில் திருவிழா நாட்களுக்குச் சிறப்பு நேரம் போடுங்கள். மாசி வீதிகளில் கடை என்றால் தேரோட்டத்தன்று வண்டி வராது, எங்கே நிறுத்திவிட்டு எந்த வழியாக நடந்து வரலாம் என்று ஒரு படமும் இரண்டு வரியும் ஏற்றுங்கள். அதையே பழைய வாடிக்கையாளருக்குப் பிராட்காஸ்டில் அனுப்புங்கள். ஆள் தேடுவதை ஆடி மாதத்தில் தொடங்கினால் தீபாவளிக்குக் கைவசம் மூன்று மாதக் கணக்காவது இருக்கும்.